யப்பானுக்குக் கொண்டுபோன வேட்டி

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபிக்க வேண்டாம். கப்பல் கயிறு பிடித்துக் காய்த்துப்போன கை. பேனையைக் கொடுத்தால் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகிறது. படித்ததும் ஐந்தாம் வகுப்பு மட்டும்தான், அதனால் பிழைகளும் நிறைய இருக்கும். பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் வருகிறவற்றை என் மகள்தான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னாள். ஆனால் இதை வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். ஆகையால் நானே எழுதுகிறேன்.

இது நடந்தது எழுபத்தைந்தாம் ஆண்டு பங்குனி மாதம், யப்பானில் நாகசாகி என்ற பழைய துறைமுகப் பட்டணத்தில். ஒரு காலையில் இருந்து மத்தியானம் வரை, அரை நாள் நடை. அவ்வளவுதான்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலில் பாரம் ஏற்றி இறக்குகிற வின்ச் இயந்திரத்தை இயக்குகிறவன். அந்த வருடம் புல்மோட்டையில் இருந்து வரும் உலோகம் எடுக்கிற கறுப்பு மண்ணை ஏற்றிக்கொண்டு யப்பானுக்குப் போகிற கப்பல் ஒன்று வந்து நின்றது. அதில் வேலை செய்த இரண்டு பேருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து அவர்களை இறக்கி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார்கள். ஆள் இல்லாமல் கப்பல் புறப்பட ஏலாது. ஒரு பயணத்துக்கு மட்டும் என்று சொல்லித் துறைமுகத்தில் இருந்து இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருவன் நான். மற்றவன் என் கிண்ணியாக் கூட்டாளி, குடாவுக்கு அக்கரை முஸ்லிம் ஊர்க்காரன்.

இந்தக் கூட்டாளியைப் பற்றிச் சொல்லாமல் மேலே எழுத ஏலாது. நாங்கள் இருவரும் ஒரே வயது, ஒரே வேலை. அவனும் நல்லவன், எனக்கு ஒரு தீமையும் செய்ததில்லை. இருந்தும் அவனைக் கண்ட நாளில் இருந்து எனக்கு அவன்மேல் பொறாமை. அவன் கலகலப்பானவன், நான் வாய் திறக்காதவன் என்பது ஒரு பக்கம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவனுக்கு வாப்பா, அவனுடைய அப்பா, உயிரோடு இருந்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

யுத்த காலத்தில் என் அப்பாவும் அவனுடைய வாப்பாவும் வெள்ளைக்காரனின் கடற்படைக் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் ஒரே கூட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். யப்பான்காரன் ஆகாயக் கப்பலில் வந்து திருகோணமலையில் குண்டு போட்ட அன்று காலையில் அப்பா வழக்கம்போல் வேலைக்குப் போனார். வாப்பாவுக்குக் காய்ச்சல். அவர் கிண்ணியாவில் பாயில் படுத்திருந்தார். அப்பா திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை நாட்கணக்கில் வானத்தில் நின்றது. அந்தப் புகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அம்மாவும் நானும் கிளிவெட்டியில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடினோம்.

அந்தக் காய்ச்சல் என் அப்பாவுக்கு வந்திருக்கக் கூடாதா? இந்த ஒரு கேள்வியைத்தான் வருடக்கணக்காக என் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். கூட்டாளி வேலைக்கு வந்ததும், நேற்றும் வாப்பா என்னை ஏசிவிட்டார் என்று அலுத்துக்கொள்வான். ஏசுவதற்கு ஒரு ஆள் இருக்கிறாரே என்று எனக்கு வயிறு எரியும். சில வேளைகளில் அந்தக் கிழவர் தோணியேறி இறங்குதுறைக்கு வருவார். மகனுக்கு ஒரு சோற்றுப் பார்சல், எனக்கு ஒன்று. என் கையில் பார்சலை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் உடனே திரும்பிப் போய்விடுவார். என்னை அற்பமாக நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, பசி இருந்தாலும் அந்தச் சோற்றை விருப்பமில்லாமல்தான் சாப்பிடுவேன்.

இன்னொரு பொறாமையும் இருந்தது. அதைக் கேட்டால் சிரிப்பீர்கள். அப்பா செத்துப்போன பிள்ளைகளைப் பார்த்து எனக்குப் பொறாமை.

காரணம் இதுதான். கிளிவெட்டியில் ஒளிந்திருந்த நாட்களில் யாரோ அம்மாவிடம் ஒரு கதை சொல்லியிருக்கிறார்கள். கடலில் விழுந்து தத்தளித்தவர்களை யப்பான்காரன் தன் கப்பலில் தூக்கிப்போட்டு யப்பானுக்குக் கொண்டுபோய்விட்டானாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று பின்னால் எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், கடற்படைத் தளத்தையும் விட்டுவிட்டுப் போனான். அம்மா பொட்டையும் தாலியையும் விடவில்லை. கலியாண வீடுகளில் அம்மாவை எங்கே இருத்துவது என்று பெண்களுக்குத் தெரியாது. சுமங்கலி என்று குங்குமத் தட்டை நீட்டவும் பயம், நீட்டாமல் விடவும் பயம். அம்மா அதைப் பார்த்துக் கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

ஒரே மகன் நான். ஆனால் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க எனக்கு அனுமதி இல்லை. ஆடி அமாவாசைக்குக் கோணேசர் மலையடிக் கடலில் சனம் நிறைந்து நிற்கும். தகப்பன் இல்லாத ஆண்கள் எல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்று எள்ளிறைத்து முழுகிவிட்டு, ஏதோ பாரம் இறங்கின முகத்தோடு கரையேறுவார்கள். நான் கரையில் நின்று அவர்களைப் பார்ப்பேன். அவர்களுடைய அப்பாக்கள் ஒழுங்காகச் செத்தவர்கள்.

யப்பானுக்குப் போகிற கப்பலில் ஏறப்போகிறேன் என்று சொன்னபோது, என்றைக்குப் புறப்படுகிறாய் என்று மட்டும் அம்மா கேட்டார். புறப்படுகிற அன்று காலையில் ஒரு பையைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே ஒரு வேட்டி. புதிது, ஆனால் ஒரு முறை தோய்த்து மடித்தது. அந்தக் காலத்தில் துணி வாங்குவது எவ்வளவு கரைச்சல் என்று வயது வந்தவர்களுக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கக் கடையில் எப்போது வரிசையில் நின்று வாங்கினாரோ, எத்தனை நாள் பெட்டியில் வைத்திருந்தாரோ.

"அவர் இடுப்பில கட்டிக்கொண்டு போனது ஒண்டுதான்," என்றார். "கண்டால் குடு. காணாட்டி..."

திரும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

கப்பல் வேறொரு ஊரில் மண்ணை இறக்கியது. அதன் பிறகு கப்பலைத் தள்ளுகிற விசிறியில் ஏதோ பழுது என்று நாகசாகிக்குக் கொண்டுபோய்த் திருத்துமிடத்தில் விட்டார்கள். அன்று காலையில் எங்கள் மேலாள் எங்கள் இருவருக்கும் அரை நாள் லீவு தந்தார். மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் கப்பலில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போகும் என்றார். எங்களிடம் இருந்தது ஒரு பயணத்துக்கு மட்டும் எழுதித் தந்த கடதாசித் துண்டு. கப்பலை விட்டால் அந்த நாட்டில் நாங்கள் யாருமில்லை. அது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் பையையும் தூக்கிக்கொண்டேன். அப்பா அங்கே இல்லை என்பது தெரியாத பைத்தியம் இல்லை நான். ஆனால் வேட்டியைக் கப்பலில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கையில் அது இருந்தபடியால் கண்ணும் சும்மா இருக்கவில்லை. தெருவில் வருகிற வயதான ஆண்களின் முகத்தை எல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தேன். பையில் என்ன என்று கூட்டாளி கேட்டான். உடுப்பு என்றேன்.

அந்த ஊரைப் பார்த்ததும் எனக்குத் திருகோணமலை நினைவுதான் வந்தது. சுற்றிலும் மலை, நடுவில் குளம் போல அசையாத கடல். மலைச்சரிவு முழுக்க வீடுகள், எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில் குன்றைப் பத்து மடங்காக்கி அடுக்கி வைத்ததுபோல. ஆனால் துறைமுகம் நிறையக் கப்பல். கரை நீளத்துக்குப் பாரந்தூக்கிகள். இரும்பு அடிக்கிற சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எங்கள் துறைமுகம் இதைவிட ஆழமானது, அழகானது என்று உலகமே சொல்கிறது. ஆனால் அங்கே காகம் கத்துகிற சத்தம்தான் கேட்கும். யுத்தத்தில் தோற்றவன் ஊரில் இவ்வளவு வேலை, குண்டு வாங்கின எங்கள் ஊரில் நானும் கூட்டாளியும் கப்பல் வருமா என்று பார்த்துக்கொண்டு இருக்கிறோம். அன்றைய முதல் பொறாமை அங்கேயே தொடங்கிவிட்டது.

குளிர் தாங்கவில்லை. கப்பலில் தந்த பழைய கோட் எனக்கு முழங்கால் வரை தொங்கியது. கூட்டாளிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. வாய்க்கால் ஒன்றின் மேல் ஒரு கல் பாலம் இருந்தது. இரண்டு வளைவும் தண்ணீரில் விழுந்து, யாரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்ததுபோல் தெரிந்தது. இன்னும் கொஞ்சத் தூரத்தில் ஒரு பலகை. கூட்டாளிக்குக் கொஞ்சம் இங்கிலீசு தெரியும். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, முந்தி ஒல்லாந்தர் இருந்த இடமாம் என்றான்.

"எங்கட கோட்டையில இருந்தவங்கள்தான் மச்சான். இஞ்சயும் வந்திருக்கிறாங்கள், பாரன். கடல் கண்ட இடமெல்லாம் கால் வைப்பாங்கள் போல."

அவன் இப்படி எதையாவது சொல்லிக்கொண்டே வந்தான். எங்களுக்கு முன்னால் என் வயதுக்காரன் ஒருவன் தன் வயதான தகப்பனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். கிழவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். மகன் திரும்பவும் பிடித்தான். நான் நின்று அதைப் பார்த்தேன். கூட்டாளி கொஞ்சத் தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து என்னை இழுத்துக்கொண்டு போனான்.

ஒரு சின்ன ரொட்டிக் கடையில் பணிஸ் வைத்திருந்தார்கள். உருண்டையாக, மினுங்கலாக, மேலே கறுப்பு எள்ளுத் தூவியிருந்தது. கூட்டாளிக்கு ஒரு சந்தேகம், இதில் பன்றிக் கொழுப்பு இருக்குமோ என்று. கடைக்காரப் பெண்ணுக்கு நாங்கள் பேசுவது எதுவும் விளங்கவில்லை. அவன் உடனே மூக்கைச் சுருக்கிக்கொண்டு பன்றி மாதிரி உறுமிக் காட்டினான். பிறகு பணிஸைத் தொட்டு, கையை இல்லை என்று ஆட்டிக் கேட்டான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடையில் நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள். பன்றி இல்லை, பன்றி இல்லை என்று எல்லோரும் கையை ஆட்டினார்கள். பாஷை தெரியாத ஊரில் ஒரு நிமிடத்தில் ஒரு கடைச் சனத்தைச் சிரிக்க வைத்துவிட்டான். நான் பக்கத்தில் நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. என் பணிஸை வாசலிலேயே தின்று முடித்தேன். அவன் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கடதாசியில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தான்.

அணுகுண்டு விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றான் கூட்டாளி. எனக்கு விருப்பம் இல்லை. யுத்தம் முடிந்தது என்ற செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் வெடி கொளுத்தினார்கள். யப்பானில் பெரிய குண்டு போட்டு ஊரையே எரித்துவிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். அப்பாவுக்கு நடந்ததற்குப் பதிலடி கிடைத்துவிட்டது என்று நானும் கை தட்டினேன். அந்தக் குண்டு விழுந்த ஊருக்குத்தான் இப்போது வந்து நிற்கிறேன். ஆனால் தனியாகத் திரும்பி நடக்கவும் பயம். டிராம் ஓடுகிற தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவன் பின்னால் நடந்தேன்.

ஒரு மேட்டில் பெரிய பூங்கா. ஒரு கையை வானத்துக்கும் மற்றக் கையைப் பக்கத்துக்கும் நீட்டிக்கொண்டு இருக்கிற மனிதனின் பெரிய சிலை. அதற்கு நேரே தூரத்தில் தண்ணீர் பீறிடுகிற தடாகம். அதன் பக்கத்தில் ஒரு கல்லின் முன்னால் பூக்களும், வண்ணக் கடதாசியில் மடித்துக் கோத்த குருவிகளும், நிறையத் தண்ணீரும் இருந்தன. குவளையில் தண்ணீர், கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர், போத்தலில் தண்ணீர். வந்தவர்கள் போத்தலைத் திறந்து கல்லின்மேல் கொஞ்சம் ஊற்றிவிட்டு, கையைக் கூப்பிக் கண்ணை மூடி நின்றார்கள்.

கூட்டாளி கமெராவோடு நின்ற ஒருவரைப் பிடித்துத் தன் இங்கிலீசில் விசாரித்துவிட்டு வந்தான். அன்று எரிந்துபோனவர்கள் எல்லாம் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே செத்தார்களாம். அந்த விடாய் தீரட்டும் என்றுதான் ஊரார் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்களாம்.

நான் கை தட்டியது இவர்களுக்குத்தான். அப்போதாவது எனக்குத் துக்கம் வந்திருக்க வேண்டும். உண்மையை எழுதுகிறேன், எனக்கு வந்தது பொறாமை. என் வாழ்க்கையில் பட்ட பொறாமை எல்லாவற்றையும் விடப் பெரிய பொறாமை. இவர்களுக்குக் கல் இருக்கிறது, பூ இருக்கிறது, தண்ணீர் கொண்டுவர ஒரு ஊரே இருக்கிறது. என் அப்பாவும் எரிந்துதான் செத்திருப்பார். அவரும் தண்ணீர் கேட்டிருப்பார். கடலுக்குப் பக்கத்திலேயே நிற்கிற மகன் ஒருவன் இருந்தும் அவருக்கு ஒரு சொட்டு இல்லை. செத்துப்போனவர்களைப் பார்த்து, அதுவும் அப்படிச் செத்தவர்களைப் பார்த்து, ஒரு மனிதன் பொறாமைப்படுவானா? நான் பட்டேன். பக்கத்துப் படியில் குந்திவிட்டேன்.

இருந்தபடியே பையில் இருந்து வேட்டியை எடுத்து மடியில் வைத்தேன். கூட்டாளி அதைப் பார்த்தான். இனி மறைக்க ஒன்றும் இல்லை. அம்மா தந்ததையும், சொன்னதையும், காணாட்டி என்று தொடங்கி நிறுத்தியதையும் சொன்னேன். நான் தொடர்ந்து அவ்வளவு கதைத்ததை அவன் முன்பு கேட்டதில்லை. அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை நானும் பார்த்ததில்லை.

கடைசியில், "இஞ்சயே குடு மச்சான்," என்றான். "வேட்டியையும் குடு, தண்ணியையும் குடு. உன்ட அம்மா இஞ்ச வந்து பாக்கப்போறாவா?"

எனக்குப் பயம் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தால் அப்பா செத்தது நிச்சயமாகிவிடும். அம்மா அத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றை நான் அவருக்குத் தெரியாமல் அறுத்தவனாவேன். அதை அவனிடம் சொல்ல வராமல், சாட்டுக்கு, "எள்ளில்லாமல் ஏலாது. ஐயரும் இல்லை," என்றேன்.

"ஐயருக்கு நான் எங்க போறது? எள்ளு இருக்கு."

கோட்டுப் பைக்குள் கையை விட்டு அந்தப் பாதிப் பணிஸை எடுத்தான். என் பக்கத்தில் குந்தியிருந்து, மேலே ஒட்டியிருந்த எள்ளை நகத்தால் சுரண்டினான். ஒவ்வொன்றாகச் சுரண்டி என் வலது உள்ளங்கையில் போட்டான். எள்ளோடு பணிஸின் மேலே பூசியிருந்த சீனியும் வந்தது. கையெல்லாம் பிசுபிசுத்தது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டான். தெற்கே என்றேன். சூரியனை ஒரு முறை பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக் கப்பல் நின்ற பக்கமாகத் திருப்பினான். எங்களுடைய வழக்கம் எல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை; ஆடி அமாவாசைகளில் அவனும் அந்தக் கரைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். அந்த நேரத்திலும் எனக்குள் ஓடியது ஒரே எண்ணம்: வீட்டில் தகப்பனை வைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு என் அப்பாவின் எள்ளு நினைவு வந்தது, எனக்கு வரவில்லையே.

எள்ளு இருந்தது, தண்ணீர் இல்லை. தடாகத்துத் தண்ணீரைத் தொட ஏலாதபடி வேலி. கல்லுக்கு முன்னால் இருக்கிற தண்ணீரை எடுப்பது பாவம். கையை நீட்டியபடியே விழித்துக்கொண்டிருந்தேன்.

சாம்பல் நிறக் கோட் போட்ட ஒரு பெண், எங்கள் வயது இருக்கும், கொஞ்சத் தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் போத்தலில் இருந்து கல்லுக்கு ஊற்றியதை நான் முன்பே கண்டிருந்தேன். பணிஸைச் சுரண்டுகிற இரண்டு கறுத்த மனிதர்களைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. மெதுவாகக் கிட்ட வந்தாள். என் கையில் இருந்த எள்ளைப் பார்த்தாள். மடியில் இருந்த வேட்டியைப் பார்த்தாள். பிறகு போத்தலில் மீதியிருந்த தண்ணீரை என் உள்ளங்கையில் ஊற்றினாள்.

ஐஸ் போல இருந்தது. பெருவிரல் பக்கமாகக் கையைச் சரித்தேன். எள்ளும் சீனியும் தண்ணீருமாக அந்தக் கற்படியில் ஓடியது. அப்பாவின் பெயரைச் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. என் வாயில் அது வேறு யாருடைய பெயரோபோல் வந்தது. அவள் இன்னும் ஊற்றினாள், நான் இன்னொரு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது எனக்குப் பக்கத்தில் கூட்டாளியும் அந்தப் பெயரைச் சொல்வது கேட்டது.

வேட்டியைக் கல்லின் முன்னால் வைக்க எழுந்தேன். அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவள் இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்தேன். குனிந்து வாங்கி, பூக்களுக்கு நடுவில் வைத்து, காற்றில் பறக்காமல் தன் வெறும் போத்தலை அதன்மேல் வைத்தாள். திரும்பி வந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். விளங்கவில்லை என்று தெரிந்ததும், கையைத் தன் இடுப்புக்குக் கீழே ஒரு பிள்ளையின் உயரத்தில் பிடித்துக் காட்டினாள். அந்தக் கல்லைக் காட்டினாள். மீண்டும் அந்த உயரத்தைக் காட்டினாள்.

தான் அந்த உயரத்தில் இருந்தபோது யாரையோ இழந்தேன் என்றாளா, அந்த உயரத்தில் இருந்த ஒரு பிள்ளையை இழந்தேன் என்றாளா, எனக்கு இன்று வரை தெரியாது. எதுவாக இருந்தாலும் அந்தக் கையைப் பார்த்த பிறகு அந்த ஊரில் பொறாமைப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. என் கையையும் அதே உயரத்தில் பிடித்துக் காட்டினேன். எட்டு வயது உயரம். அவள் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டாள்.

நேரம் போனது அதன் பிறகுதான் நினைவு வந்தது. இருவரும் தண்டவாளத்தோடு ஓடினோம். மூச்சு வாங்குவதற்கு நின்ற ஓர் இடத்தில் கூட்டாளி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"வாப்பாவுக்கு உன்னக் கண்டா வெக்கம் மச்சான். அதுதான் பார்சலைத் தந்திட்டு நிக்காமப் போறவர். அண்டைக்கு நானும் போயிருக்கணும் எண்டு இப்பவும் சொல்லுவார்."

அந்த வழியாக வந்த மீன் லொறி ஒன்றை அவன் கை காட்டி மறித்தான். கப்பல் ஊதுவதுபோல் ஊதியும், ஓடுவதுபோல் ஓடியும் காட்டினான். சாரதி சிரித்துக்கொண்டே எங்களை ஏற்றினார். நாங்கள் ஏணியில் கால் வைக்கும்போது சாப்பாட்டு மணி அடித்தது. அன்று அவனுடைய அந்தத் திறமையைப் பார்த்து எனக்கு வயிறு எரியவில்லை. நன்றாகச் சிரித்தேன்.

அடுத்த மண் ஏற்றுவதற்காக அதே கப்பல் திருகோணமலைக்குத் திரும்பியது. வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் இருந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்க முன்னம் பையைத்தான் பார்த்தார். அது வெறுமையாகத் தொங்கியது.

"குடுத்தனியோ?"

"ஓம் அம்மா. குடுத்தனான். தண்ணியும் குடுத்தனான்."

சுளகு நின்றது. அம்மா கொஞ்ச நேரம் உளுந்துக்குள் விரலை விட்டு அளைந்துகொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"எள்ளும் போட்டனியோ?"

ஓம் என்று மட்டும் சொன்னேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு திரும்பவும் புடைக்கத் தொடங்கினார். உளுந்து முழுவதையும் புடைத்து முடித்து, சுளகைச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போனார். குளித்துவிட்டு வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. அன்று அம்மாவும் நானும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

அந்த ஆடி அமாவாசைக்கு முதல் முறையாக நானும் கோணேசர் மலையடிக் கடலில் இறங்கினேன். அம்மா வெள்ளைச் சேலையோடு கரையில் நின்றார். எள்ளிறைத்து முழுகி எழுந்து பார்த்தேன். அம்மாவுக்குக் கொஞ்சம் தள்ளி, கூட்டத்துக்குள் சேராமல், கிண்ணியாவில் இருந்து வந்த வாப்பா நின்றுகொண்டிருந்தார். நான் கழற்றி வைத்துவிட்டுப் போன சேர்ட்டை மணல் படாமல் கையில் வைத்திருந்தார். நான் கரையேறியதும் அதை நீட்டினார். இந்த முறை திரும்பிப் போகவில்லை. நான் தலை துவட்டி முடியும் மட்டும் நின்றார்.

அம்மா காலமாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவருக்கும் நான்தான் தண்ணீர் இறைத்தேன். அவர் இருக்கும்போது இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கூட்டாளியும் நானும் இப்போதும் ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம். வாப்பா இப்போதும் அவனை ஏசுகிறார். பொறாமை என்னை விட்டு முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய், ஏனென்றால் நேற்றும் அவனைப் பார்த்து ஒரு விஷயத்துக்குப் பொறாமைப்பட்டேன். ஆனால் வயிறு எரியத் தொடங்கும்போதெல்லாம், ஒரு பணிஸில் இருந்து அவன் சுரண்டித் தந்த எள்ளின் சீனிப் பிசுக்கு என் வலது உள்ளங்கையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். கையை மூடிக்கொள்வேன், எரிச்சல் அடங்கிவிடும்.

எழுதி முடித்த திகதி: 1981 தை மாதம் 18, ஞாயிற்றுக்கிழமை.